தியேட்டரில் கைதட்டியவன்

போன தீபாவளிக்குப் பெரிய மகளும் பேத்தியும் வந்திருந்தார்கள். பலகாரம், பட்டாசு எல்லாம் காலை பத்து மணிக்குள் முடிந்துவிட்டது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோருக்கும் கண் சொக்கும் நேரம். பேத்தி மட்டும் கூடத்தில் உட்கார்ந்து ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். ஏழாவது படிக்கிறாள். பாட்டு கற்றுக்கொள்கிறாள். வர்ணம் வரைக்கும் வந்திருக்கிறாளாம்.

"உனக்கு ஒரு பாட்டு காட்டறேன் வா" என்று கூப்பிட்டு, என் கைபேசியில் 'சிந்து பைரவி' படத்தின் அந்தக் கச்சேரிக் காட்சியைப் போட்டேன். எந்தக் காட்சி என்று என் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கூட்டத்தில் உட்கார்ந்திருந்த சுஹாசினி எழுந்து நின்று, மேடையில் இருக்கும் சிவகுமாரிடம் கேள்வி கேட்பாரே, அதுதான்.

பேத்தி கண்ணை எடுக்காமல் பார்த்தாள். முடிந்ததும் ஒரு கேள்வி கேட்டாள்.

"தாத்தா, இவங்கதான் இவ்வளவு நல்லாப் பாடறாங்களே. அப்புறம் ஏன் எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு ஆரம்பிக்கிறாங்க?"

நான் பதில் யோசித்துக்கொண்டிருக்கும்போது, ஊஞ்சலில் சாய்ந்திருந்த மகள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "தாத்தாவையே நல்லாக் கேளு. அவர் அந்தக் காலத்துலேயே தியேட்டர்ல கைதட்டினவர்."

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அந்தக் காட்சியைப் பற்றிப் பேசிவிடலாம்.

'சிந்து பைரவி' 1985 தீபாவளிக்கு வந்த படம். அப்போது நான் கும்பகோணத்தில் அஞ்சல் அலுவலகத்தில் எழுத்தர். வயது 32. மனைவியையும் ஆறு வயதுப் பெரியவளையும் அழைத்துக்கொண்டு மாலைக் காட்சிக்குப் போனேன். சின்னவன் அப்போது கைக்குழந்தை. அவனை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போனோம். பாலசந்தர் படம் என்றால் எங்கள் அலுவலகத்தில் மறுநாள் காலை பெரிய விவாதமே நடக்கும். பார்க்காமல் போனால் பேச இடமிருக்காது.

கதை உங்களுக்குத் தெரியும். ஜே.கே.பி. என்ற ஜே.கே. பாலகணபதி பெரிய சங்கீத வித்வான். நல்ல ஞானம், அதற்குச் சமமான கர்வம். மனைவி பைரவிக்கு அவர்மேல் உயிர். ஆனால் சங்கீதம் அறவே புரியாது. பாவம், அவளும் முயற்சி செய்து பார்க்கிறாள், வரவில்லை. குழந்தையும் இல்லை. சுலக்ஷணா அந்தப் பாத்திரத்தை எவ்வளவு அழகாகச் செய்திருந்தார் என்பதை யாரும் அதிகம் பேசுவதில்லை. குடித்துவிட்டு வாசிக்க வரும் மிருதங்க வித்வானாக டெல்லி கணேஷ், எந்த ரகசியத்தையும் வயிற்றில் வைத்துக்கொள்ள முடியாத தம்பூராக்காரராக ஜனகராஜ். ஜே.கே.பி.க்கு ஜேசுதாஸின் குரல், இளையராஜாவின் இசை. நான் சொல்லி முடிப்பதற்குள் உங்கள் காதில் ஏதாவது ஒரு பாட்டு ஓட ஆரம்பித்திருக்கும்.

இந்த வீட்டுக்குள் சிந்து வந்து சேர்வது அந்தக் கச்சேரியின் வழியாகத்தான்.

ஒரு கதாநாயகியை முதலில் எப்படிக் காட்டுவது என்பதில் நம் சினிமாவுக்கென்று சில வழக்கங்கள் உண்டு. மழையில் ஆடிக்கொண்டு வருவாள். அல்லது கல்லூரி வாசலில் தோழிகளோடு சைக்கிளில் வந்து கதாநாயகன் மேல் மோதுவாள். இல்லையென்றால் நாலு முரடர்கள் அவளை வழிமறிப்பார்கள், அவர் வந்து காப்பாற்றுவார். அவள் துணிச்சல்காரி என்று காட்ட வேண்டுமானால் யாரையாவது கன்னத்தில் அறைவாள். அதோடு அந்தத் துணிச்சல் தீர்ந்துவிடும். இரண்டாவது ரீலிலிருந்து அவள் வெட்கப்பட ஆரம்பித்துவிடுவாள்.

பாலசந்தர் அந்த வழியில் போகாதவர். 'அரங்கேற்றம்' பிரமீளாவும் 'அவள் ஒரு தொடர்கதை' சுஜாதாவும் யாரையும் அடித்துத் தங்கள் உறுதியைக் காட்டவில்லை. சிந்துவும் அப்படித்தான். அவளுக்கு இயக்குநர் கொடுத்தது ஒரு கேள்வியும் ஒரு பாட்டும் மட்டும்தான்.

ஜே.கே.பி. மேடையில் தெலுங்குக் கீர்த்தனை பாடுகிறார். சபை நிறைந்திருக்கிறது. எல்லோரும் தலையாட்டுகிறார்கள். சிந்து எழுந்து, எங்களுக்குப் புரிகிற மாதிரி தமிழில் பாடக்கூடாதா என்று கேட்கிறாள். சபையில் சலசலப்பு. வித்வானுக்குக் கோபம். சங்கீதத்துக்குப் பாஷை ஏது என்கிற பழைய பதில் வருகிறது. அவள் விடவில்லை. பேச்சு வளர்ந்து, அப்படியானால் நீயே வந்து பாடிக் காட்டு என்ற சவாலில் வந்து நிற்கிறது.

இந்த இடத்தில் இந்தக் கேள்வியின் கனத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இன்றைய பிள்ளைகளுக்கு இது ஏதோ சின்னச் சண்டை போலத் தோன்றலாம். நம் வயதுக்காரர்களுக்கு அப்படியில்லை. 1940-களில் தமிழிசை இயக்கம் என்று ஒன்று எழுந்ததே இந்தக் கேள்வியால்தான். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் முன்நின்றார். 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் ஏற்பட்டது. கல்கி பத்திரிகையில் விடாமல் எழுதினார். எதிர்த்தரப்பிலும் பெரிய பெரிய மனிதர்கள் இருந்தார்கள். அவர்களுக்கும் ஒரு நியாயம் இருந்தது. எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் தொட்டுவிடும் தூரத்தில் இருக்கிற திருவையாற்றில், காவிரிக் கரையில் உட்கார்ந்து தியாகராஜர் பாடியது தெலுங்கில். அவரை வேறு ஊர்க்காரர் என்று யாராவது சொல்ல முடியுமா? அதே சோழ நாட்டில்தான் சீர்காழி மூவர் என்று சொல்லப்படும் முத்துத் தாண்டவரும் அருணாசலக் கவிராயரும் மாரிமுத்தாப் பிள்ளையும் தமிழில் பாடினார்கள். கோபாலகிருஷ்ண பாரதி பாடினார். பிறகு பாபநாசம் சிவன் வந்தார். பாட்டுக்குப் பஞ்சமே இல்லை. ஆனாலும் என் சின்ன வயதில் நான் கேட்ட பல கச்சேரிகளில், தமிழ் என்பது கடைசி அரை மணியில் துக்கடாவாகத்தான் வரும். சாப்பாடு முடிந்தபின் வெற்றிலை பாக்கு தருவது போல.

எனக்கு சங்கீத ஞானம் கிடையாது. என் அப்பா கோயில் உற்சவக் கச்சேரிகளுக்கு அழைத்துப் போவார். புரியாத பாட்டுக்கு நானும் தலையாட்டியிருக்கிறேன். பக்கத்தில் இருப்பவர் ஆட்டும்போது நாம் ஆட்டாவிட்டால் மரியாதையாக இருக்காதே! ஒரு தடவை அப்பாவிடம் "என்னப்பா அர்த்தம்?" என்று கேட்டேன். "சும்மா கேளுடா" என்றார். அவருக்கும் தெரியாது என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் உறைத்தது.

ஆகவே சிந்து எழுந்தபோது எனக்கு என் சார்பில் ஒருத்தி எழுந்தது போல இருந்தது. தியேட்டரில் நான் மட்டுமல்ல, பாதிப் பேர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

ஆனால் அவளுடைய குணம் அந்தக் கேள்வியில் பாதிதான் தெரிகிறது என்பது என் அபிப்பிராயம். கேள்வி கேட்பது கஷ்டம்தான்; ஆனால் உலகத்தில் கேட்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எங்கள் அலுவலகத்திலேயே சங்கக் கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்க ஒரு பட்டாளம் உண்டு. "சரி, நீயே இந்தப் பொறுப்பை எடுத்துக்கோ" என்று சொன்னால், எல்லோருக்கும் அன்றைக்கே ஏதாவது உடம்புக்கு வந்துவிடும். நானும் அந்தப் பட்டாளத்தில் இருந்தவன்தான்.

சிந்து உட்கார்ந்த இடத்திலிருந்து மேடை வரைக்கும் நடக்கிறாள் பாருங்கள், அங்கேதான் மீதிப் பாதி. ஆயிரம் கண் அவள்மேல். பக்கவாத்தியக்காரர்கள் அவளுக்காக வந்தவர்கள் இல்லை. ஒத்திகை இல்லை. எதிரே இருப்பவர் ஊரே கொண்டாடும் வித்வான். தோற்றால் ஊர் சிரிக்கும். ஜெயித்தால்கூட, வயசுப்பெண்ணுக்கு இவ்வளவு வாயா என்று நாலு பேர் சொல்வார்கள். எல்லாம் தெரிந்துதான் நடக்கிறாள். அவள் முகத்தில் வீறாப்பும் இல்லை, பேச்சில் மரியாதைக் குறைவும் இல்லை.

மேடையேறி என்ன பாடுகிறாள்? தன் ஞானத்தைக் கொட்டிக் காட்டவில்லை. கை தட்டித் தாளம் போட்டு, வயல்காட்டுப் பெண் பாடுவது போல ஒரு நாட்டுப்பாட்டை எடுக்கிறாள். நான் படித்தவளும் இல்லை, பாட்டு அறிந்தவளும் இல்லை என்ற பாவனையில் ஆரம்பம். வைரமுத்து எழுதியது. சபை மெல்ல மெல்ல அவள் கைக்குள் வருகிறது. அப்புறம்தான் ஸ்வரங்கள் எட்டிப் பார்க்கின்றன. என்ன இது என்று நிமிர்வதற்குள் நாட்டுப்பாட்டு கர்நாடக சங்கீதமாகிவிடுகிறது. கடைசியில் போய்ச் சேரும் இடம் தியாகராஜரின் 'மரி மரி நின்னே'.

தமிழில் பாடுங்கள் என்று கேட்டவள் தெலுங்குக் கீர்த்தனையில் கொண்டுபோய் முடிக்கிறாள்! முதல் தடவை பார்த்தபோது இதை நான் கவனிக்கவே இல்லை. கைதட்டும் மும்முரத்தில் இருந்தேன். இரண்டாவது, மூன்றாவது தடவை பார்த்தபோதுதான் இந்த இடம் என்னைப் பிடித்து நிறுத்தியது. அவள் தெலுங்குக்கு எதிரி இல்லை. தியாகராஜரை அவளும் கும்பிடுகிறாள், அவளுக்கும் அது பாடமாகியிருக்கிறது. தெரியாததால் கேட்ட கேள்வி இல்லை அது. தனக்குத் தெரியும், தெரியாத மற்றவர்களுக்காகக் கேட்டாள். அடம் பிடிப்பதற்கும் உறுதியாக இருப்பதற்கும் இதுதான் வித்தியாசம் என்று நினைக்கிறேன். அடம் பிடிப்பவர் எதிராளியிடம் இருக்கிற நல்லதையும் சேர்த்துத் தள்ளிவிடுவார். சிந்து எதையும் தள்ளவில்லை. வரப்பில் பாடும் பாட்டும் மேடையில் பாடும் பாட்டும் ஒரே ராகத்தில் உட்கார முடியும் என்று பாடியே காட்டிவிட்டாள்.

அந்தக் கீர்த்தனை காம்போதி ராகத்தில் பாடப்பட்டு வருவது. இளையராஜா அதை சாரமதி ராகத்துக்கு மாற்றியிருந்தார். அப்படிச் செய்யலாமா என்று அந்த நாளில் பெரிய சர்ச்சை நடந்தது. எங்கள் தபால் பிரிக்கும் மேஜையிலேயே இரண்டு கட்சி. பாட்டில் நாட்டமுள்ள ஒரு சீனியர் நாலு நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. பாட்டைக் குறை சொல்லிவிட்டு அவரே அதை முணுமுணுத்துக்கொண்டு ஸ்டாம்பு குத்தியதை நாங்கள் எல்லோரும் கேட்டோம்.

இன்னொரு வேடிக்கை. தமிழுக்காக வாதாடும் அந்தப் பாட்டைப் பாடியவருக்குத் தாய்மொழி தமிழ் இல்லை. கேரளத்துச் சித்ரா. அப்போது அவருக்கு 22 வயது. தமிழ்ப் படங்களில் பாட வந்த புதிது. இந்தப் பாட்டுக்காகத்தான் அவருக்கு முதல் தேசிய விருது கிடைத்தது. அதே படத்துக்காக இளையராஜாவுக்கும் தேசிய விருது, சுஹாசினிக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது. சுஹாசினி திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்தவர். கேமராவுக்குப் பின்னால் நிற்க வந்தவரை மகேந்திரன் 'நெஞ்சத்தைக் கிள்ளாதே' படத்தில் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். பெண்கள் அதிகம் நுழையாத வேலையைத் தேர்ந்தெடுத்தவர் என்பதாலோ என்னவோ, சிந்துவின் அந்த நடை அவருக்கு இயல்பாக வந்துவிட்டது.

இனி பேத்தியின் கேள்விக்கு வருகிறேன். நன்றாகப் பாடத் தெரிந்தவள் ஏன் தெரியாது என்று ஆரம்பிக்கிறாள்?

எனக்குத் தோன்றிய பதில் இது. அவள் தெரியாதவர்களின் பக்கத்தில் போய் நின்றுகொண்டு பேச ஆரம்பிக்கிறாள். சபையின் கடைசி வரிசையில் உட்கார்ந்து, புரியாமல் தலையாட்டிக்கொண்டிருக்கும் என் அப்பா மாதிரி மனிதர்களுக்காக. பெரிய வித்வானோடு மோதப் போகிறவள் தன் பெருமையைச் சொல்லிக்கொண்டு போயிருந்தால் அது வெறும் போட்டி. இரண்டு ஞானஸ்தர்களின் சண்டை. சாமானிய ஜனங்களுக்கு அதில் வேலை இல்லை. தெரியாது என்று சொல்லக் கூச்சப்படாமல், தெரிந்ததைச் செய்து காட்டவும் பயப்படாமல் இருக்கிறாளே, அதுதான் சிந்து.

இதை ஏறக்குறைய இப்படியே பேத்தியிடம் சொன்னேன். அவள் "ஓ" என்று கேட்டுக்கொண்டு, பாட்டை மறுபடி போட்டுக் கேட்க ஆரம்பித்தாள். மகள் ஊஞ்சலில் அப்படியே கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஏனென்றால், சொல்லி முடிக்கும்போதே எனக்கு 2003-ஆம் வருஷம் ஞாபகம் வந்துவிட்டது.

அந்த வருஷம் பெரியவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். கணிதத்தில் எம்.எஸ்ஸி., பி.எட். முடித்து, ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தாள். நல்ல இடம் ஒன்று தகைந்து வந்தது. பையன் பொறியாளர், ஒரே பிள்ளை, சொந்த வீடு. ஜாதகம் அமோகமாகப் பொருந்தியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்தார்கள். பெரியவர்கள் ஒன்பது பேர், கூட ஒரு சின்னப் பையன். கேசரி, வாழைக்காய் பஜ்ஜி, காபி. எல்லாம் முறைப்படி நடந்தது.

பையனின் பெரியப்பா அந்தக் குடும்பத்தில் பெரிய தலை. காபி டம்ளரை வைத்துவிட்டு, "ஒரு பாட்டுப் பாடும்மா, கேட்போம்" என்றார்.

என் மகள் உட்கார்ந்த இடத்திலிருந்து நிதானமாகச் சொன்னாள்: "மன்னிச்சுக்குங்க, எனக்குப் பாட்டு வராதுங்க. கணக்கு நல்லா வரும். வேணும்னா ஒரு கணக்கு சொல்றேன்."

கூடத்தில் ஒரு நிமிஷம் நிசப்தம். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அதற்குள் அந்தச் சின்னப் பையன், எட்டாவது படிப்பவன் போலிருந்தான், "சொல்லுங்கக்கா" என்று முன்னால் வந்தான். இவள் சுவரில் இருந்த நாள்காட்டியிலிருந்து கிழித்து வைத்திருந்த ஒரு தாளையும் பேனாவையும் எடுத்து அவனிடம் கொடுத்தாள். "ஏதாவது மூணு இலக்க எண் ஒண்ணு எழுது. அதை 7-ஆல பெருக்கு. வந்த விடையை 11-ஆல பெருக்கு. அதை 13-ஆல பெருக்கு."

பையன் தரையில் உட்கார்ந்து பெருக்கினான். 356 என்று எழுதியிருந்தான். கடைசி விடை 356356 என்று வந்தது. அவன் எண்ணே இரண்டு தடவை பக்கத்தில் பக்கத்தில்! பையன் துள்ளிக் குதித்தான். "எப்படிக்கா?" என்றான். "7, 11, 13 மூணையும் பெருக்கிப் பாரு, 1001 வரும். ஆயிரத்தால ஒரு தடவை, ஒண்ணால ஒரு தடவை பெருக்கின மாதிரிதான்" என்று விளக்கினாள். மாப்பிள்ளைப் பையன் சிரித்துவிட்டான். அவன் அம்மாகூட எட்டிப் பார்த்துப் புன்னகை செய்தார்.

பெரியப்பா சிரிக்கவில்லை. "எங்க வீட்டுப் பொண்ணுங்க பெரியவங்க கேட்டா பாடுவாங்க. பதிலுக்குப் பதில் பேச மாட்டாங்க" என்றார்.

இங்கேதான் நான் செய்ததைச் சொல்ல வேண்டும். நான் எழுந்து கைகூப்பினேன். "சின்னப் பொண்ணு, தெரியாம பேசிட்டா. மனசுல வெச்சுக்காதீங்க" என்றேன். அவள் அங்கேயே உட்கார்ந்திருக்கும்போது, அவள் காதுபடச் சொன்னேன். அவள் ஒன்றும் தவறாகப் பேசவில்லை என்பது அந்தக் கூடத்தில் இருந்த சின்னப் பையனுக்குக்கூடத் தெரியும். அவள் தலை நிமிர்ந்து என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நாலு நாள் கழித்து, வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தகவல் வந்தது. அன்றிரவு நான் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். "ஒரு பாட்டு பாடியிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்? ஏதாவது ரெண்டு வரி முணுமுணுக்கக் கூடாதா? உனக்கு எதுக்கு இந்த வாய்?"

அவள் அழவில்லை. "வராததை வரும்னு சொல்லச் சொல்றீங்களாப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாதபோது அப்பாக்கள் செய்வதையே நானும் செய்தேன். பத்து நாள் அவளோடு பேசவில்லை. என் மனைவி நடுவில் நின்று இரண்டு பக்கமும் செய்தி கொண்டுபோனாள். பதினோராம் நாள் அவளே வந்து, "மின் கட்டணத்துக்குக் கடைசி நாள்ப்பா, கொடுங்க, கட்டிட்டு வரேன்" என்றாள். அப்படியே பேச்சு திரும்பியது. அந்த விஷயத்தை மட்டும் நாங்கள் இருவரும் அப்புறம் எடுத்ததே இல்லை.

இரண்டு வருஷம் கழித்து அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. அந்த வீட்டில் யாரும் பாடச் சொல்லவில்லை. என்ன படித்தாய், என்ன பாடம் நடத்துகிறாய் என்று கேட்டார்கள். இன்று மேல்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியை. அந்த 1001 கணக்கை வருஷா வருஷம் புது வகுப்புக்கு முதல் நாள் போட்டுக் காட்டுவாளாம். பேத்தி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இத்தனை வருஷத்தில் 'சிந்து பைரவி'யை நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கில்லை. தூர்தர்ஷனில், பிறகு வீடியோ கேசட்டில், குறுந்தகட்டில், இப்போது கைபேசியில். ஒவ்வொரு தடவையும் சிந்து எழுந்து நிற்கும்போது சந்தோஷப்பட்டிருக்கிறேன். ஒரு தடவைகூட அந்த ஞாயிற்றுக்கிழமை கூடத்தோடு இதைச் சேர்த்துப் பார்த்ததில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, தெரிந்ததைச் செய்து காட்டிய ஒரு பெண் என் வீட்டிலேயே இருந்தாள். சபை என்று இருந்தது பத்துப் பேர், அதில் ஒரு சின்னப் பையன் கைதட்டினான். அவள் அப்பன் கைகூப்பி மன்னிப்புக் கேட்டான்.

திரையில் இருக்கும் பெண் நம்மை எதுவும் செய்வதில்லை. அவள் எழுந்து கேள்வி கேட்டால் நமக்குச் சம்பந்தி வீடு தவறிப்போகாது, நாலு பேர் நாலு விதமாகப் பேச மாட்டார்கள். பத்து ரூபாய்கூட ஆகாத டிக்கெட்டில் வீரத்தை ரசித்துவிட்டு வீட்டுக்கு வந்து, அதே குணம் நம் பெண்ணிடம் தலைகாட்டினால் "வாய் ஜாஸ்தி" என்கிறோம். நான் மட்டும்தான் இப்படி என்று நினைக்கவில்லை. இதைப் படிக்கும் சிலருக்கும் ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வரலாம்.

படத்தின் முடிவில் சிந்து தன் குழந்தையைப் பைரவியிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறாள். அந்த முடிவு எனக்கு என்றைக்குமே மனசுக்கு ஒப்பவில்லை. உறுதியான பெண்ணை உருவாக்கிவிட்டு, கடைசியில் தியாகத்தைத் தலையில் கட்டி அனுப்பிவிட்டாரே என்று 1985-லேயே அலுவலகத்தில் வாதம் செய்திருக்கிறேன். இப்போது யோசித்தால், அவரைச் சொல்லி என்ன? தலைநிமிர்ந்த பெண்ணை எங்கே வைத்துக்கொள்வது என்று அந்தக் காலத்தில் நமக்கும் தெரியவில்லையே.

தீபாவளி அன்று மாலை மனைவி காபி கொண்டுவந்தாள். பேத்தி அவளிடம், "பாட்டி, தாத்தா நிஜமாவே தியேட்டர்ல கைதட்டினாரா?" என்று கேட்டாள்.

"கைதட்டினது மட்டுமா? விசிலே அடிச்சார். உங்கம்மா அவர் மடியில தூங்கிக்கிட்டிருந்தா. சத்தத்துல முழிச்சு, எதுக்குன்னே தெரியாம அவளும் சேர்ந்து கைதட்டினா" என்றாள் மனைவி.

எல்லோரும் சிரித்தோம். மகளும் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் காபியை ஆற்றி என் கையில் கொடுத்து, "சூடு ஆறிடும், குடிங்கப்பா" என்றாள். நானும் குடித்துவிட்டேன். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. மறுநாள் காலை பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்கள்.

நேரில் சொல்ல வராததை எழுதிவிடலாம் என்றுதான் இதை ஆரம்பித்தேன். நான் எழுதுவதை அவள் படிப்பாள் என்று தெரியும். எழுத்துப் பிழை இருந்தால் போன் செய்து சொல்பவள் ஆயிற்றே.

அம்மாடி, அன்றைக்கு நீ சொன்ன பதில் சரியான பதில். மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டியது அவர்களிடம் இல்லை, உன்னிடம். 356 என்று எழுதிய அந்தத் தாளை உன் அம்மா இன்னும் சமையல் குறிப்பு நோட்டுக்குள் வைத்திருக்கிறாள். நேற்றுதான் எடுத்துக் காட்டினாள்.